என் பேரனுக்குக் கையால் பேசக் கற்றுக்கொடுத்தது யார்?

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் நீலத் தகரம் போட்ட ஷெட் என்னுடையது. எளாவூரில் இருக்கிற மாடி வீடு நான் கட்டியது. அந்தத் தெரு முனையில் மழைத்தண்ணீர் போகிற சிறு பாலம்கூட நான் போட்டதுதான். பஞ்சாயத்து போடவில்லை. ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். இரும்பு ஆலையில் கிரேனுக்குக் கீழே நின்று சங்கிலி மாட்டுகிற ஹெல்பராகத் தொடங்கி, துருப்பிடித்த பழைய கிரேனை ஏலத்தில் எடுத்துச் சொந்தத் தொழில் வைத்தேன். பேங்க்காரர் உட்காரக்கூடச் சொல்லவில்லை. பங்காளிகள் சிரித்தார்கள். வெள்ளம் வந்து மோட்டாரையெல்லாம் விழுங்கியது. அத்தனைக்கும் நின்று காட்டினேன். இதையெல்லாம் ஊர் ஒப்புக்கொள்கிறது. என் பேரனுக்கு நான் செய்ததை மட்டும் என் வீடே ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறது. அந்த ஆத்திரத்தில்தான் எழுத உட்கார்ந்தேன்.

பேரனுக்கு மூன்று வயது நெருங்கியும் ஒரு வார்த்தை வரவில்லை. தவழ்ந்ததும் தாமதம், நடந்ததும் தாமதம். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டான். மின்விசிறியைப் பார்த்தபடி நின்றுகொண்டே இருப்பான். நாங்கள் முதலில் காட்டிய டாக்டர், பிள்ளையைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், "ஆம்பளப் பசங்க லேட்டாத்தான் பேசுவாங்க, ஸ்கூல்ல போட்டா சரியாயிடும்" என்று சத்து டானிக் எழுதிக் கொடுத்தார். திருவள்ளூரில் பார்த்த இன்னொருவர், "நீங்க செல்போனைக் குடுத்துப் பழக்கிட்டீங்கம்மா" என்று என் மருமகள் தலையில் பழியைப் போட்டார். வருகிற வழியெல்லாம் அந்தப் பெண் அழுதாள். ஓடாத மெஷினைத் திறந்து பார்க்காமலே தானாக ஓடும் என்று சொல்கிற மெக்கானிக்கை என் ஷெட்டில் நான் ஒரு நாள் வைத்திருக்க மாட்டேன். ஒரு குழந்தையை அப்படிப் பார்த்து அனுப்புகிறவர்களை என்னவென்று சொல்வது?

அவர்கள் கைவிட்டாலும் நான் சும்மா இருக்கவில்லை. கிரேன் வேலையில் வாய்ப்பேச்சு உதவாது. மேலே கூண்டில் இருக்கிற ஆப்பரேட்டருக்குக் கீழே கத்துவது கேட்காது. அவர் கீழே நிற்பவனின் கையை மட்டும்தான் பார்ப்பார். விரலை மேலே நீட்டிச் சுழற்றினால் தூக்கு. உள்ளங்கையைக் கவிழ்த்து அசைத்தால் இறக்கு. முஷ்டி பிடித்தால் நிறுத்து. பேரனைத் தூக்கி விளையாடும்போது இதைக் காட்டினேன். கொஞ்ச நாளில் அவனே என் முன்னால் வந்து விரலைச் சுழற்றினான். தூக்கினேன். முஷ்டி பிடித்தான். நிறுத்தினேன். பெயருக்குத் திரும்பாத பிள்ளை என் கைக்குத் திரும்பினான்!

கிரேனுக்கு ஒரே ஒருவர்தான் சைகை காட்ட வேண்டும். இரண்டு பேர் காட்டினால் ஆள் சாவான். அதனால் வீட்டிலும் வேறு யாரும் காட்டக்கூடாது என்று சொல்லிவைத்திருந்தேன். நானும் வாய் திறக்காமல்தான் காட்டுவேன். தொழிலில் வந்த பழக்கம் அது.

திருவாலங்காட்டிலிருந்து வந்திருந்த மருமகளின் அம்மா இதைப் பார்த்துவிட்டார்.

"இன்னாங்க சம்பந்தி இது? புள்ளைக்கு ஊமை பாஷை கத்துக்குடுத்துகினு கீறீங்க. அப்புறம் எப்டி வாய் தொறக்கும்?"

என் மகன் இன்ஜினியரிங் படித்தவன், நான் படிக்கவைத்தவன். அவனும் அந்தப் பக்கமே சேர்ந்துகொண்டான். "நைனா, கொஞ்ச நாளிக்குக் கையைக் கட்டிகினு இரு நைனா. உன்னால பெரிய பேஜாராப் போச்சு."

கையைக் கட்டிக்கொண்டேன். பேரன் வந்து விரலைச் சுழற்றினான். நான் அசையவில்லை. கட்டிய கையை அவனே பிடித்து இழுத்து, என் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தான். அப்புறம் போய்ச் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதான். தினமும் இதுவே நடந்தது. அதைப் பார்த்த மருமகள்தான் முடிவாகச் சொன்னாள்: "மாமா, மெட்ராஸுக்குப் போலாம் மாமா. இன்னாதான் இருக்குன்னு எனக்குத் தெரிஞ்சாவணும்."

சென்னையில் காதைச் சோதித்தார்கள். காது நன்றாகக் கேட்கிறது என்றார்கள். பிறகு பேச்சுப் பயிற்சி கொடுக்கிற மேடத்திடம் அனுப்பினார்கள். சின்ன வயதுப் பெண். "ஏதாவது வேணும்னா எப்படிக் கேட்பான்?" என்று கேட்டார்.

"கேக்க மாட்டான் மேடம். அழுவான், அவ்ளோதான்" என்றான் என் மகன்.

என்னால் பொறுக்க முடியவில்லை. "இன்னாடா கேக்க மாட்டான்?" என்று எழுந்தேன்.

"நைனா, உக்காரு நைனா. இது உன் ஷெட்டு இல்ல" என்று சட்டையைப் பிடித்து இழுத்தான். உதறிவிட்டுப் பேரன் முன்னால் போய் நின்றேன். பிள்ளை என் கையைப் பார்த்தான். அது கட்டாமல் இருந்தது. உடனே விரலைச் சுழற்றினான். தூக்கினேன். மறுபடி சுழற்றினான். தலைக்கு மேலே தூக்கினேன். முஷ்டி. உள்ளங்கை. இறக்கிவிட்டேன்.

மேடம் நாற்காலியை விட்டுத் தரையில் வந்து உட்கார்ந்தார். "இதை யார் சொல்லிக்கொடுத்தது?"

"சும்மா வெளையாட்டு மேடம்" என்றான் மகன். வெளையாட்டாம்!

அந்தப் பெண் விளையாட்டு என்று நினைக்கவில்லை. பேச்சும் வளர்ச்சியும் பின்தங்கியிருக்கிறது, அதற்கு என்ன பெயர் என்பதை ஒரே நாளில் சொல்ல முடியாது, ஆனால் பெயர் தெரிகிறவரை காத்திருக்காமல் பயிற்சியை உடனே தொடங்க வேண்டும் என்றார். கைச்சைகை பேச்சைத் தடுக்காது, உதவத்தான் செய்யும் என்றார். "ஆனா ஐயா, கை காட்டும்போது வாயாலயும் சொல்லணும். வீட்ல எல்லாரும் காட்டணும்."

"ரெண்டு பேரு காட்னா லோடு தலைமேல வுழும்மா" என்றேன்.

"இங்க விழாது ஐயா. நீங்க ஒருத்தரே காட்டினா, நீங்க ஷெட்டுக்குப் போனப்புறம் அவன் யார்கிட்ட கேட்பான்?"

நியாயமான கேள்வி. காரணம் சொல்லிப் பேசுகிறவர் பேச்சை நான் தட்டுவதில்லை. அன்றே மருமகளுக்கும் என் வீட்டுக்காரிக்கும் சைகை எல்லாம் சரியாகக் கற்றுக்கொடுத்தேன். இப்போது விரலைச் சுழற்றும்போது "மே" என்கிறான். மேலே என்பதில் அவ்வளவுதான் வருகிறது. மற்ற வார்த்தை இன்னும் இல்லை. என்ன கோளாறு என்பதற்கும் இன்னும் முடிவான பதில் இல்லை. வாரா வாரம் ரயிலேறிப் போய்க்கொண்டிருக்கிறோம். போவோம்.

போன வாரம் திருப்பாச்சூரில் ஒரு காதுகுத்து. பந்தியில் பேரன் விரலைச் சுழற்றியதும் எல்லோரும் ஆச்சரியப்பட்டார்கள். சம்பந்தியம்மா பெருமையாகச் சொல்கிறார்: "மெட்ராஸ் மேடம் கையாலயே பேசக் கத்துக்குடுத்திருக்காங்க." கூட்டத்தில் ஒரு கிழவி என்னைப் பார்த்து, "பெரியவரே, நீயும் கத்துக்க, பேரனோட பேசலாம்" என்று கிண்டல் வேறு செய்கிறாள். என் மகன் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டே சாப்பிடுகிறான்!

மேடத்துக்குச் சேர வேண்டிய பெருமையில் நான் கை வைக்கவில்லை. வாயையும் வீட்டையும் அதில் சேர்த்தது அவர்தான். ஆனால் அவர் பார்ப்பதற்கு முன்னாலேயே பிள்ளை கேட்டுக்கொண்டிருந்தான். தன்னால் கேட்க முடியும், கேட்டால் கிடைக்கும் என்று அவனுக்குக் காட்டியவன் நான். அதை நிறுத்தச் சொன்னவர்கள் இவர்கள். அந்தச் சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் என் மகன் எழுந்து நின்று, "முதல்ல கத்துக்குடுத்தது எங்க நைனா" என்று சொல்ல வேண்டும். காதில் சொன்னால் போதாது. சத்தமாகச் சொல்ல வேண்டும்.