தலைக்கு ஒரு வார்த்தை

திருத்தணி மலைமேல் முடியிறக்குகிற மண்டபத்தில் நாகராஜன் உட்காரும் இடத்தில் எப்போதும் ஆள் நெரியும். கை லேசு என்று அவருக்குப் பேர். காது குத்த வந்த குழந்தைகள்கூட அவர் கத்திக்கு அவ்வளவாக அழுவதில்லை. ஆனால் ஒன்று, அவரிடம் தலையைக் கொடுத்தவர்கள் வாயைத் திறக்காமல் எழுந்து போய்விட முடியாது. தண்ணீரைத் தெளித்து உச்சியில் தேய்த்து ஊறவைக்கிற நேரத்திலேயே கேட்டுவிடுவார்.

"இன்னா வேண்டுதலு? இன்னா கெடச்சுது?"

பிள்ளை பிறந்தது, காய்ச்சல் இறங்கியது என்றால் ஜனங்கள் தமிழிலோ தெலுங்கிலோ சொல்வார்கள். படிப்பு, வேலை என்று வந்துவிட்டால் மட்டும் எல்லோருக்கும் நாக்கு இங்கிலீஷுக்குத் தாவிவிடும். சித்தூர்க்காரன் ஒருவன் 'பிளேஸ்மென்ட்' என்றான். சோளிங்கர் அம்மா ஒருத்தி மகளைக் காட்டி 'டிஸ்டிங்ஷன்' என்றாள். அரக்கோணத்து ரயில்வேக்காரர் 'பிரமோஷன்' என்றார். நாகராஜன் அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவர். அப்பாதான் அவர் கையில் கத்தியைக் கொடுத்து உட்காரவைத்துவிட்டார். அதனாலோ என்னவோ, அந்த வார்த்தைகள் காதில் விழும்போதெல்லாம் பக்கத்து வீட்டுச் சமையல் வாசனை மாதிரி அவரை இழுக்கும்.

கற்றுக்கொள்வதற்கு அவருக்கென்று ஒரு முறை இருந்தது. தலைக்கு ஒரு வார்த்தைதான், அதற்குமேல் ஆசைப்படக் கூடாது. முதலில் அர்த்தத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும், அர்த்தம் சொல்லாமல் கத்தியை வைக்க மாட்டார். பிறகு கத்தி இழுக்க இழுக்க, வாய்க்குள்ளேயே அந்த வார்த்தையைத் துண்டு துண்டாகச் சொல்வார். 'டிஸ்' என்று ஒரு இழுப்பு. 'டிங்' என்று ஒரு இழுப்பு. 'ஷன்' என்று ஒரு இழுப்பு. பிடரிக்கு வருவதற்குள் வார்த்தை அவருடையதாகிவிடும்.

ஒருமுறை மண்டை முழுக்க நரைத்த ஒரு வாத்தியார் வந்து உட்கார்ந்தார். தன் பள்ளிக்கூடத்துக்கு 'எக்ஸலன்ஸ்' என்று விருது கிடைத்திருப்பதாகச் சொன்னார்.

"அப்டின்னா நல்லதுங்களா?"

"நல்லதுக்கும் மேலப்பா."

"நல்லதுக்கு மேல இன்னா கீதுங்க?"

வாத்தியார் யோசித்தார். "அதான் எக்ஸலன்ஸு" என்று சிரித்துவிட்டார். நாகராஜனுக்கு அந்தப் பதில் பிடித்துப்போயிற்று. அன்று முழுக்க நல்லதுக்கு மேலே என்ன இருக்கும் என்று நினைத்துக்கொண்டே தலைகளை மழித்தார்.

இவ்வளவு வார்த்தைகளையும் அவர் தனக்காக மட்டும் சேர்க்கவில்லை. மகளுக்குத்தான். ஒரே பெண், துர்கா. பி.காம். முடித்துவிட்டு பேங்க் பரீட்சைக்குப் படிக்கிறாள். சென்னையில் அம்பத்தூர்ப் பக்கம் ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் இருந்துகொண்டு, பகலில் துணிக்கடையில் பில் போடுகிறாள், சாயங்காலம் புத்தகத்தைத் திறக்கிறாள். அந்தப் பரீட்சையின் படிகளைச் சக தொழிலாளி சுதாகருக்கு நாகராஜன் இப்படித்தான் விளக்குவார்:

"பாஸ்னா கல்யாண மண்டபத்து கேட்டத் தாண்டுனது. குவாலிஃபைடுன்னா சந்தனம் எடுத்துக்கினது. ஷார்ட்லிஸ்ட்டுன்னா பந்தில ஒக்கார வெச்சது. செலக்ட்டுன்னாதான்டா எலைல சோறு வெச்சது."

"பாப்பா எதுல கீது?"

"ரெண்டு வாட்டி பந்தில ஒக்காந்துட்டா."

"அப்பறம்?"

"எழுப்பி வுட்டுட்டானுங்க" என்பார் நாகராஜன். உடனே அடுத்த தலைக்குத் தண்ணீர் தெளிக்கப் போய்விடுவார்.

மகள் இரண்டாம் தடவை எழுப்பிவிடப்பட்ட அன்றுதான் அவர் வேண்டிக்கொண்டார். துர்கா செலக்ட் ஆகிற வரைக்கும் தலையிலும் முகத்திலும் கத்தி வைப்பதில்லை, ஆனதும் மொத்தத்தையும் முருகனுக்கே கொடுத்துவிடுவது என்று. வருஷம் ஒன்று தாண்டிவிட்டது. முடி தோளுக்கு வந்துவிட்டது, தாடி நெஞ்சுக்கு வந்துவிட்டது. நாள் பூராவும் ஊரார் தலையை மழிக்கிற மனுஷன் இப்படி உட்கார்ந்திருப்பதைப் பார்த்து வருகிறவர்கள் எல்லாம் சிரிப்பார்கள்.

"அண்ணே, உன்னப் பாத்து பயந்துகினு ஜனம் என்கிட்ட வருது. எனுக்கு லாபந்தான்" என்பான் சுதாகர்.

இதெல்லாம் கிடக்கட்டும். தினமும் சாயங்காலம் மலையிறங்கி வீட்டுக்கு வந்ததும், கையைக் கழுவின ஈரம் காய்வதற்குள் நாகராஜன் மகளுக்குப் போன் போடுவார். "இன்னிக்கு ஒண்ணு வந்துச்சும்மா. டாப்பர். ஆர்.கே. பேட்டைப் பொண்ணு. உன் வயசுதான் இருக்கும்" என்பார். இன்னொரு நாள், "மெரிட்டுன்னு ஒண்ணும்மா. ரெகமன்டேசன் இல்லாம வந்துட்டானாம்" என்பார். கோயில் பிரசாதத்தைக் கொண்டுவந்து கையில் வைப்பது போலத்தான் அவருக்கு அது. ஜெயித்தவர்கள் வாயிலிருந்து வந்த வார்த்தை, சாமி சன்னிதியிலேயே வந்தது, மகள் காதில் விழுந்தால் அவளுக்கும் ஒட்டிக்கொள்ளும் என்று நம்பினார்.

முதலில் துர்கா, "அப்டியா நைனா" என்று கேட்டுக்கொண்டாள். பிறகு "ம்" என்றாள். பிறகு போனை எடுப்பதே இல்லை. படிக்கிறாள், தொந்தரவு செய்யக் கூடாது என்று நினைத்து நாகராஜன் வாட்ஸப்பில் பேசி அனுப்ப ஆரம்பித்தார். வார்த்தை, அர்த்தம், சொன்னவர் ஊர், எல்லாம் வரும் அதில். எதையும் அவள் திறந்து கேட்ட அடையாளம் இல்லை.

"படிக்கிறா போலக்கீது" என்றார் மனைவியிடம்.

வள்ளிநாயகி உலையில் அரிசியைப் போட்டுக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை. "மத்தியானம் என்னாண்ட பேசனாளே. காலு மணி நேரம் பேசனா."

"உன்னாண்டயா?"

"தெனமுந்தான் பேசறா. நீ மலைல இருக்கச் சொல்ல."

நாகராஜன் தாடியை நீவிக்கொண்டு வாசலில் போய் நின்றார். தெருவில் யாரோ வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டிருந்தார்கள், அது கிளம்பவே இல்லை. தான் மலையில் இருக்கிற நேரம் பார்த்து மகள் பேசுகிறாள். அந்த நினைப்பு அவருக்குள் இறங்கியது. சாப்பிடக் கூப்பிட்டபோது பசியில்லை என்றார். வள்ளிநாயகி விடவில்லை. "உன் இங்கிலீசைத் தின்னா வயிறு ரொம்புமா? வாய்யா" என்று இழுத்து உட்காரவைத்தாள்.

ரம்ஜானுக்கு நஸியா ஊருக்கு வந்திருந்தாள். மலையடிவாரத்தில் பைக் மெக்கானிக் கடை வைத்திருக்கும் மெஹபூப் பாஷாவின் மகள் அவள். துர்காவும் அவளும் பள்ளியிலிருந்து சிநேகிதிகள், ஹாஸ்டலிலும் ஒரே ரூம். பண்டிகைக்கு மறுநாள் நாகராஜன் வண்டிக்கு பிரேக் பார்க்கப் போனபோது, அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுவந்த நஸியா அவரைப் பார்த்துத் தயங்கி நின்றாள்.

"அங்கிள், நான் சொன்னேன்னு துர்காகிட்ட சொல்லக் கூடாது."

"சொல்லும்மா."

"சாயங்காலம் நீங்க போன் அடிச்சா அவ பாத்ரூமுக்குப் போயி கொழாயத் தெறந்து வுட்டுகினு நிப்பா. மணி நிக்கிற வரைக்கும் வெளிய வர மாட்டா."

"எதுக்கு?"

நஸியா சாப்பாட்டுக் கூடையைக் கைமாற்றிக்கொண்டாள். "இன்னிக்கு யாரெல்லாம் ஜெயிச்சாங்கன்னு சொல்றதுக்குத்தான் எங்க நைனா பண்றாரும்பா. முன்னெல்லாம் வீடியோ கால்ல உங்க முடியப் பாத்தா ராத்திரி சோறு துன்ன மாட்டா அங்கிள். ஒவ்வொரு வாட்டியும் இன்னும் நீளமா கீதுன்னு சொல்லிச் சொல்லி அழுவா."

"தெம்புக்குத்தானம்மா நான்..."

"அவளுக்கும் தெரியும் அங்கிள். அதான் உங்களத் திட்டவும் முடியல அவளால."

உள்ளே ஸ்பானருடன் குனிந்திருந்த மெஹபூப் பாஷா நிமிரவில்லை. எல்லாம் காதில் விழுந்தும் விழாத மாதிரி ஒரு நட்டை ரொம்ப நேரம் முடுக்கிக்கொண்டிருந்தார். நாகராஜன் வண்டியை அங்கேயே விட்டுவிட்டுப் படி வழியாக மலையேறினார். எதிரே மொட்டைத் தலையும் சந்தனமுமாகப் பிள்ளைகள் குதித்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். எல்லாம் கிடைத்தவர்கள். அவர்கள் வாயிலிருந்து பொறுக்கின வார்த்தைகளை நாளுக்கொன்றாக மகள்மேல் எறிந்துகொண்டிருந்திருக்கிறார், அதைப் பிரசாதம் என்று வேறு நினைத்துக்கொண்டு.

மறுநாள் காலையில், கூட்டம் வருவதற்கு முன்னால், அவர் சுதாகர் முன்னால் போய் உட்கார்ந்தார். சுதாகர் துள்ளி எழுந்தான்.

"செலக்ட் ஆயிடுச்சா அண்ணே!"

"இல்ல. எட்றா."

"இன்னாண்ணே சொல்ற? சாமி விசயம். வேண்டுதல் முடியாம எடுத்தா..."

"சாமிக்கு முடிதான வேணும், நான் குடுக்கறன். எம்பொண்ணு தலைல தூக்கி வெச்சன் பாரு, அதை எறக்கு மொதல்ல."

சுதாகர் தண்ணீரைத் தெளித்துத் தேய்த்தான். கத்தி உச்சியிலிருந்து இறங்கியது. பழக்கத்தில் நாகராஜனின் வாய் அசைந்தது, ஆனால் சொல்ல வார்த்தை ஒன்றும் வரவில்லை. கத்தி முடியை அறுக்கிற சத்தம்தான் கேட்டது. இத்தனை வருஷத்தில் அந்தச் சத்தத்தை அவர் கேட்டதே இல்லை. மடியில் ஒரு வருஷம் கொத்துக் கொத்தாக விழுந்தது. சந்தனம் பூசிக்கொள்ள மனம் வரவில்லை. குளித்துவிட்டு நேரே ஸ்டேஷனுக்குப் போய் சென்னை வண்டி ஏறினார். திருவாலங்காடு போயிற்று, மணவூர் போயிற்று. ஜன்னல் காற்று வெறும் தலையில் அடித்ததும் குளிர்ந்தது. அவளிடம் என்ன சொல்வது என்று யோசித்து யோசித்து அம்பத்தூரில் இறங்கிவிட்டார், ஒன்றும் அகப்படவில்லை.

ஹாஸ்டல் கேட்டில் சொல்லி அனுப்பினார். துர்கா படியிறங்கி வந்தாள். மொட்டைத் தலையோடு அப்பா நிற்பதைக் கண்டதும் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள். முகத்தில் ரத்தமில்லை.

"அம்மாக்கு இன்னா?"

அப்போதுதான் நாகராஜனுக்கு உறைத்தது. சொல்லாமல் கொள்ளாமல் மொட்டையடித்துக்கொண்டு, சந்தனம்கூட இல்லாமல் வந்து நின்றால் பெற்ற மகள் வேறென்ன நினைப்பாள்?

"ஐயோ, அம்மா நல்லா கீறாம்மா! காலைல கூட என்னத் திட்னா. நல்லா கீறா."

துர்கா ஓடிவந்து அவர் தோளில் ரெண்டு அடி அடித்தாள். "போன் பண்ணிட்டு வரக் கூடாதா நைனா!"

"பண்ணா நீ எடுக்கறியா?"

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்துவிட்டது. முனையில் இருந்த டீக்கடைக்குப் போனார்கள். டீ ஆறியது, ரெண்டு பேரும் குடிக்கவில்லை. நாகராஜன்தான் ஆரம்பித்தார்.

"முடியக் குடுத்துட்டன். அது தீந்துச்சு. நீ பரிச்ச எழுதறதுன்னா எழுது, வாணாம்னா வுடு. நான் ஒண்ணும் கேக்க மாட்டன்."

மகள் சந்தோஷப்படுவாள் என்றுதான் நினைத்தார். துர்காவின் முகம் இறுகிவிட்டது.

"அப்போ என்னால ஆவாதுன்னு முடிவு பண்ணிட்ட."

"இல்லம்மா..."

"வேற இன்னா அர்த்தம்? இத்தினி நாளு வெச்சிருந்த. இப்போ நம்பிக்க போயி எடுத்துட்ட."

நாகராஜன் திகைத்துப்போனார். முடியை வைத்திருந்தாலும் குத்துகிறது, எடுத்தாலும் குத்துகிறது. எத்தனை தலைகள், எத்தனை வார்த்தைகள்! அதில் ஒன்றுகூட இந்த நேரத்துக்கு உதவவில்லையே. டீக்கடை பெஞ்சைப் பார்த்துக்கொண்டே, வாயில் வந்ததைச் சொன்னார்.

"நம்பிக்கலாம் அப்டியேதான் கீதும்மா. நீ என்னாண்ட பேசல. அதான் என்னால தாங்க முடில."

துர்கா டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தாள். பில் போடப் போகிற நேரம் ஆகிவிட்டிருந்தது. எழுந்தவள், அப்பாவின் தலையில் ஒரு இடத்தைத் தொட்டுப் பார்த்தாள். "சுதாகர் மாமா இங்க வெட்டிட்டாரு பாரு" என்றாள். பிறகு, "ஞாயித்துக்கெழம நானே போன் பண்றன். நீ பண்ணாத" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். தெருமுனை திரும்புகிற வரை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

ஞாயிறு வருவதற்குள் அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும். போனைத் தொடவில்லை. கை பரபரத்தால் தூக்கி வள்ளிநாயகியிடம் கொடுத்துவிடுவார். மண்டபத்தில், 'அச்சீவ்மென்ட்' என்று புதிதாக ஒரு வார்த்தை வந்தது. அர்த்தம் கேட்டார், கத்தியோடு சொல்லிச் சொல்லி வாங்கிக்கொண்டார். அதை யாருக்கும் அனுப்பவில்லை. அது தொண்டையிலேயே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மலையில் கால் வைக்க இடமில்லை. மாலையில் நகரியிலிருந்து வந்த ஒரு பெரியவர் தலையைக் கொடுத்திருந்தார். சரிபாதி இறங்கியிருந்தது. ஆணியில் தொங்கிய சட்டைப் பையில் போன் அடித்தது. நாகராஜனின் கை நின்றது. கத்தி வைத்த தலையைப் பாதியில் விட்டு எழுவது அந்த மண்டபத்தில் வழக்கமில்லை. வரிசையில் நிற்கிறவர்கள் கத்துவார்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. நிற்கப் போகிறது, இதோ நிற்கப் போகிறது.

குனிந்திருந்த பெரியவர் தலையைத் தூக்காமலே கேட்டார். "யாருப்பா அது?"

"எம்பொண்ணுங்க."

"போய் எடு. பாதித் தலையோட நான் எங்க ஓடிடப் போறேன்?"

நாகராஜன் கத்தியை வைத்துவிட்டு ஈரக்கையோடு ஓடினார். பின்னால் வரிசை சத்தம் போட்டது, சுதாகர் யாரையோ அதட்டினான். அவர் ஒரு காதைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார்.

"சொல்லும்மா."

துர்கா ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றிச் சொன்னாள். நஸியா குறட்டை விடுவதைப் பற்றிச் சொன்னாள். கடையில் ஒரு அம்மா எடுத்த புடவையை மூன்று தடவை மாற்றினாளாம், கடைசியில் முதல் புடவையையே வாங்கிப் போனாளாம். பரீட்சையைப் பற்றி அவள் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. கேட்க ஆசை நெஞ்சு முட்ட இருந்தது. "ஆங்... ஆங்" என்று மட்டும் சொல்லிக்கொண்டு, அவள் வைக்கிற வரைக்கும் போனைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றார்.