பாலம் வரட்டும், பார்க்கலாம்

காலை பத்து மணிக்குக் கோலாலம்பூரில் பஸ் ஏறினேன். மலாக்காவுக்கு டிக்கெட் பதினைந்து வெள்ளி, தூரம் கிட்டத்தட்ட நூற்றைம்பது கிலோமீட்டர். வழிநெடுக எண்ணெய்ப்பனை. முதல் அரைமணி கண்ணுக்குக் குளிர்ச்சி, அப்புறம் சலிப்பு. திருச்சியிலிருந்து நான் ஊர்சுற்ற வரவில்லை. மலாக்கா பக்கம் மெர்லிமாவில் வாழ்க்கைப்பட்ட என் அக்காவுக்குச் சர்க்கரை. இடது கால் புண் மூன்று மாதமாக ஆறவில்லை. கால் தப்புமா என்று மறுநாள் டாக்டர் சொல்வார்.

பன்னிரண்டரைக்கு மலாக்கா பஸ் நிலையத்தில் மச்சான் காரோடு நின்றார். தஞ்சோங் கிளிங்கில் ஒரு ஹோட்டலில் வேலை. தங்கமான மனிதர், வாயைத் திறந்தால்தான் ஹோட்டல் இங்கிலீஷ். டாக்டர் காலை எடுக்கணும் என்றால் என்ன செய்வது என்று கேட்டேன்.

"வீ வில் கிராஸ் தட் பிரிட்ஜ் வென் வீ கம் டு இட் லா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மெர்லிமாவ் வரை இருபத்தைந்து கிலோமீட்டரும் ஜன்னல் வழியே எண்ணெய்ப்பனையை எண்ணிக்கொண்டு வந்தேன்.

சாயங்காலம் அக்கா கேட்டாள், மச்சான் எதற்கெடுத்தாலும் பாலம் பாலம் என்கிறாரே, அது என்னடா என்று. சொன்னேன்: வராத கஷ்டத்துக்கு இப்போதே மண்டையைப் பிய்த்துக்கொள்ளாதே, பாலம் வரும்போது கடப்பதைப் பற்றி யோசிப்போம் என்று அர்த்தம். வீணாகக் கவலைப்படுகிறவர்களுக்குச் சொல்கிற ஆறுதல்.

அக்கா கட்டுப் போட்ட காலைப் பார்த்தாள்.

"எனக்குத்தான் பாலம் வந்து மூணு மாசமாச்சேடா."

மறுநாள் ஒன்பது மணிக்கு மலாக்கா ஆஸ்பத்திரி. முழங்காலுக்குக் கீழே எடுத்தாக வேண்டும், வெள்ளிக்கிழமை ஆபரேஷன், முன்னாடியே வந்திருந்தால் விரலோடு போயிருக்கும் என்றார் டாக்டர். மச்சான் அக்காவின் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பாவமாக இருந்தது, அறையலாம் போலவும் இருந்தது.

அன்றைக்கே வார்டில் சேர்த்துவிட்டார்கள். எனக்கு மறுநாள் விமானம். இங்கிலீஷைத் திட்டி என்ன பயன்? நம்மூரில் வீட்டுக்கு வீடு இதையேதான் தமிழில் சொல்கிறோம்.

மூன்று மணிக்குக் கிளம்ப எழுந்தேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வெள்ளிக்கிழமை நீ இருப்பியாடா?"

"அப்பப் பாத்துக்கலாம்க்கா."

என் வாயிலிருந்துதான் வந்தது. அக்கா கையை விட்டாள். போர்வையை இழுத்து இரண்டு காலையும் மூடிக்கொண்டாள்.