படத்தில் வராத பொன்முடி மழை

புரோகிராமைக் கையால் எழுத வேண்டாம், கட்டமும் அம்புக்குறியுமாகப் படம் வரைந்தால் கருவியே வெப்சைட்டைச் செய்து தந்துவிடும் என்பதுதான் எங்கள் தொழில்; இதை நம்பி வேலைக்கு வந்த சக பாவப்பட்டவர்களே, கேளுங்கள்.

நாலு கட்டம்

பொன்முடி மலையடிவாரத்துக் கல்லாறு ஊரில் நாலு அறை வாடகைக்கு விடும் திருநெல்வேலி அண்ணாச்சிக்கு ஓணத்துக்குள் புக்கிங் சைட் வேண்டும். இதுவும் சொதப்பினால் படம் வரைகிற பிரிவையே மூடிவிடுவதாக எங்கள் மேனேஜர் சொல்லிவிட்டார். பிரிவு என்றால் நானும் மலையாளிப் பையன் அனிலும்தான்.

படத்தை விரித்து அறை, விருந்தினர், தேதி, புக்கிங் என்று அரை மணி நேரம் விளக்கினேன். அண்ணாச்சி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"எல்லாம் சரிதாம்மா. இதுல பாத்ரூம் எங்க இருக்கு?"

நாலு வரி

அண்ணாச்சிக்கு ஒரு வழக்கம். மழைக்குப் பொன்முடி மலைப் பாதையை அடைத்துவிட்டால், மேலே போன விருந்தினர் இறங்கி வரும்வரை அவர்கள் பெட்டி இருக்கிற அறையை யாருக்கும் கொடுக்க மாட்டார். இதை அனிலிடம் போனில் சொன்னார். அந்த மகராசன் படத்தில் சேர்க்காமல், கருவி செய்த புரோகிராமுக்குள் கையாலேயே நாலு வரி எழுதிவிட்டான்.

மறுநாள் நான் பட்டன் நிறத்தை மாற்றிக் கருவியை மறுபடி ஓட்டினேன். படத்தில் இருப்பதை மட்டும் அது புதிதாகச் செய்தது. நாலு வரியும் போயே போச்சு. எனக்கு அது தெரியாது. டெஸ்ட் பண்ணினாயா என்று மட்டும் அனிலிடம் கேட்டேன்.

"அது நேத்திக்கே பண்ணியாச்சு சேச்சி, ஒரு குழப்பமும் இல்லா."

ஒரு கட்டில்

ஓணத்துக்கு முதல் நாள் மழை. பாதையை அடைத்தார்கள். மூன்றாம் அறைக் குடும்பம் மேலே மாட்டிக்கொண்டது. காலையில், தேதி முடிந்துவிட்டதென்று சைட் அந்த அறையை வேறொரு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டது. அவர்களும் கைக்குழந்தையோடு வந்து இறங்கினார்கள். அண்ணாச்சி அவர்களுக்குத் தன் கட்டிலைக் கொடுத்துவிட்டு அடுக்களையில் படுத்தார்.

ஓணம் கழிந்து ஆபீசுக்கு வந்தார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. மழையையும் கட்டம் போட்டுச் சேர்த்துவிட்டோம் என்று காட்டினேன். "நீங்க வேண்டாம்னா இந்தப் பிரிவை இன்னிக்கே மூடிடறேன்" என்றார் மேனேஜர். அண்ணாச்சி படத்தை நிதானமாகப் பார்த்தார்.

"இருக்கட்டும், ஓடட்டும். என் கட்டிலை மட்டும் இதுல வரைஞ்சிராதீங்கம்மா, அதையும் யாருக்காவது கொடுத்துரும்."

பிரிவு பிழைத்தது, ஆனால் எங்கள் தொழிலில் எதையாவது வரைய மறந்தால், அடுக்களையில் போய்ப் படுப்பது ஒருநாளும் வரைந்தவர் இல்லை.