ஆற்றில் விட்ட சட்டை

பொன்செல்வி வரைகிற மயில் கோழி மாதிரித்தான் இருக்கும். அவள் வரைந்த சட்டை ஒன்று என்னிடம் இருக்கிறது, அதிலிருப்பதை மயில் என்று இதுவரை ஒருவரும் ஒத்துக்கொண்டதில்லை. ஆனால் கொடியும் பூவும் போட்டால் அவளை அடிக்க ஆளில்லை.

பாபநாசம் படித்துறையில், ஆற்றில் விடுகிற துணிகளை வாரி எடுக்கிற ஒப்பந்த வேலை அவளுக்கு. தோஷம் கழிக்க வருகிறவர்களும் செத்தவருக்குக் காரியம் செய்ய வருகிறவர்களும் துணியைத் தண்ணீரில் விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விடுவார்கள். புண்ணியம் அவர்களுக்கு, முதுகுவலி பொன்செல்விக்கு. நனைந்த சேலை ஒன்று பாறையில் சுற்றிக்கொண்டால் இரண்டு பேர் சேர்ந்து இழுக்க வேண்டும். பதினோரு வருஷமாக இழுக்கிறாள். கால் விரலிடுக்கில் சேற்றுப்புண் ஆறினதே இல்லை.

ஒருநாள் படித்துறையைக் கழுவும்போது பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீர் அவள் வேலைக்குப் போடுகிற நீலக் கோட்டில் தெறித்து, பொட்டுப் பொட்டாக வெளுத்துவிட்டது. திட்டு விழுமே என்று பயந்து, ஈர்க்குச்சி நுனியில் பஞ்சைச் சுற்றி, அதே தண்ணீரைத் தொட்டு, பொட்டுகளைச் சேர்த்துப் பூவாக்கினாள். திட்டும் விழுந்தது. ஆனால் கூட வேலை பார்க்கிறவர்கள் தங்களுக்கும் ஒன்று கேட்டார்கள். அன்றைக்குத்தான் அவளுக்கு ஆசை வந்தது. உட்கார்ந்து செய்கிற வேலை! இதில் காலூன்றிவிட்டால் ஆற்றில் இறங்கவே வேண்டாம்.

எடுத்த துணியை யாரும் வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்பது மேஸ்திரியின் கண்டிப்பு. அவளோ கறுப்பிலும் நீலத்திலும் நல்ல பருத்தியாகப் பார்த்துப் பைக்குள் திணித்துவிடுவாள். வெந்நீரில் அலசிக் காயவைத்து, உள்ளே அட்டையைக் கொடுத்து விரித்து வரைவாள். வரையும்போது ஒன்றுமே தெரியாது. கொஞ்சம் பொறுத்தால் கறுப்பு செங்காவியாக வெளுத்து வரும். உடனே அலச வேண்டும், அசந்தால் துணி ஓட்டையாகிவிடும். அசதியில் கண் சொக்கி அவள் ஓட்டையாக்கியது நிறைய.

பழைய துணி என்று சொல்லித்தான் விற்பாள். எங்கே எடுத்தது என்று மட்டும் சொல்ல மாட்டாள். சொன்னால் யார் உடம்பில் போடுவார்கள்? உள்ளூரில் விற்றால் குட்டு உடைந்து, இருக்கிற வேலையும் போய்விடும் என்று ஞாயிற்றுக்கிழமைதோறும் பஸ் ஏறி எங்கள் தச்சநல்லூருக்கு வந்து ரோட்டோரம் தார்ப்பாய் விரிப்பாள். எனக்கு அவள்மேல் கோபம் வருவது இந்த இடத்தில்தான். பாபநாசத்தில் துணி விடுகிறவன் பாபநாசத்துக்காரனா? இங்கேயிருந்து பஸ் ஏறிப் போகிறவன்தானே! அலுத்துப்போன மண்டைக்கு அது உறைக்கவில்லை.

போன தை மாசம் ஒருவர் வந்தார். அறுபது வயதிருக்கும். கொடி போட்ட கறுப்புச் சட்டை ஒன்றை எடுத்தார். அதில் மூன்றாவது பொத்தான் மட்டும் பச்சை. அதைத் தடவிக்கொண்டே நின்றார்.

"இது எங்க எடுத்தது, தாயி?"

"கடையிலதான் அண்ணாச்சி."

"இந்தப் பொத்தான நாந்தான் தச்சேன். எம் மவன் சட்டை. ஐப்பசியில அவனுக்குக் காரியம் முடிச்சு ஆத்துல விட்டோம்."

எல்லாம் முடிந்தது என்று பொன்செல்விக்குப் பட்டது. கூட்டத்தைக் கூப்பிடப் போகிறார், மேஸ்திரி காதுக்குப் போகும், அந்த வேலையும் போச்சு, இந்த வேலையும் போச்சு. இதையெல்லாம் அவளே பிறகு என்னிடம் சொன்னாள். உட்கார்ந்தபடியே கையெடுத்துக் கும்பிட்டாள்.

அவர் அதைக் கவனிக்கவில்லை. சட்டையை மூக்கருகே கொண்டுபோனார். பிளீச்சிங் வாடைதான் அடித்திருக்கும்.

"இந்தப் படத்த எடுத்துர முடியுமாம்மா? முன்ன மாதிரி ஆக்கித் தருவியா?"

"முடியாது அண்ணாச்சி. சாயம் போனா போனதுதான்."

அவள் போட்டதிலேயே அதுதான் நல்ல கொடி. இப்போது அதைப் பார்க்கவே அவளுக்கு வெறுப்பாக இருந்தது.

அவர் சட்டையை நாலாக மடித்துத் தன் சட்டைக்குள் செருகிக்கொண்டார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அவள் பக்கம் குனிந்தார்.

"ஆத்துல விட்டதத் திருப்பிக் கொண்டாரக் கூடாதும்பாவ. வீட்டுல அவளுக்குத் தெரிஞ்சா கெடந்து அழுவா. பெட்டிக்கு அடியில வச்சிக்கிடுதேன். நீ யாருட்டயும் சொல்லிராத, தாயி."