குளியலறையில் தே தாரிக்

பத்தாங் பெர்ஜுந்தையில் தேநீர்க் கடைச் சிவநேசன் கையை உயர்த்தி இழுத்து ஆற்றித் தரும் பால் தேநீரான தே தாரிக்கைக் குடிக்காதவர்கள் இரண்டே வகை. ஊருக்குப் புதிதாக வந்தவர்கள் ஒரு வகை. இன்னும் பால்புட்டியை விடாத பிள்ளைகள் இன்னொரு வகை. அந்த இரண்டாம் வகையைச் சேர்ந்த ஒருத்திதான் அவனை ஒரு வாரம் முழுக்க ஆட்டிப் படைத்தாள். பெயர் லோகேஸ்வரி. வீட்டில் லோகி. வயது இரண்டேகால்.

முப்பத்தெட்டு வயது வரை கல்யாணப் பேச்சை எடுத்தாலே கடையின் பின்கட்டுக்குப் போய்விடுகிறவன் சிவநேசன். அப்படிப்பட்டவன் மூன்று மாதத்துக்கு முன் மாரியம்மன் கோயிலில் மாதவிக்குத் தாலி கட்டினான். மாதவியின் முதல் கணவன் சுகுமாறன் டெங்கிக் காய்ச்சலில் போனபோது லோகிக்குக் குப்புற விழக்கூடத் தெரியாது. தகப்பன் முகம் அவளுக்குச் சுவரில் மாட்டிய ஒரு படம். வீட்டுக்குள் புதிதாக வந்து சேர்ந்த மனிதனோ அவள் கண்ணுக்கு ஒரு பெரிய மீசை. அதனால் அவனுக்கு அவள் வைத்த பெயரும் அதுதான். மீசை.

பெயர் வைத்ததோடு நின்றிருந்தால் பரவாயில்லை. கல்யாணமான முதல் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, "இன்னைக்கு நான் புள்ளய குளிக்க வைக்கிறேன்" என்று ஆசையாக ஆரம்பித்தான் சிவநேசன். அவன் மாமா வீட்டில் வளர்ந்தவன். தோட்டத்து லய வீடுகளின் பொதுக்குழாயில் நாலு பையன்களோடு வரிசையில் நின்று குளித்தவன். குளியல் என்றால் காயோங் என்ற பெரிய குவளை நிறையத் தண்ணீரை மொண்டு தலையில் கவிழ்த்துக்கொள்வது, அவ்வளவுதான். அதையே செய்தான். பிள்ளைக்கு ஒரு கணம் மூச்சே வரவில்லை. அடுத்த கணம் வந்த அலறலில் பக்கத்து வீட்டுச் சின்னத்தாய் கரண்டியும் கையுமாக ஓடிவந்தாள்.

அன்றிலிருந்து அவன் குளியலறைப் பக்கம் திரும்பினாலே லோகி தாயின் கைலியைப் பிடித்துக்கொண்டு, "மீசை வேணா, தண்ணி வேணா" என்பாள். அவன் கையால் சோறு தின்பாள். அவன் தோளில் ஏறிக் கோழி பார்ப்பாள். தண்ணீர் என்று வந்துவிட்டால் மட்டும் அவன் ஆகாதவன்.

இதைக்கூட அவன் பொறுத்துக்கொண்டிருப்பான். ஆனால் ரவாங் தொழிற்சாலை ஒன்றில் மாதவிக்கு வேலை கிடைத்தது. கையுறைகளைப் பெட்டியில் அடுக்கும் வேலை, மாலை ஷிப்ட். அடுத்த திங்கட்கிழமை முதல் மூன்றேகாலுக்கு வாசலில் வேன் வந்து நிற்கும். சிவநேசனுக்குக் கடையில் விடிகாலை தொடங்கும் வேலை ஒன்றரைக்கு முடிந்துவிடும். எல்லாம் பொருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் லோகி மத்தியானம் தூங்கி எழுந்து குளிக்கும் நேரம் மூன்று மணி.

"பாருங்க, திங்கக்கெழம புள்ள உங்ககிட்ட அழாம குளிச்சிச்சின்னா நான் வேன் ஏறுறேன்," என்றாள் மாதவி. "அழுதிச்சின்னா வேல வேணாம்னு சொல்லிடுறேன். அவ அழற சத்தத்த காதுல வாங்கிட்டு என்னால ரவாங் வரைக்கும் போக முடியாதுங்க."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. கீரையை ஆய்ந்துகொண்டே சொன்னாள். அதனால்தான் அது அவன் நெஞ்சில் முள்ளாக இறங்கியது. அந்த வேலைக்காக அவள் எத்தனை விண்ணப்பப் பாரம் பூர்த்தி செய்தாள் என்பது அவனுக்குத் தெரியும். நேர்முகத்துக்குப் போன அன்று, தன் சொந்தக் காலில் நிற்கப்போகிறேன் என்று சொல்லும்போது அவள் கண் பளபளத்ததும் தெரியும். ஒரு காயோங் தண்ணீரால் அந்தப் பளபளப்பைத் தானே அணைத்துவிட்டோமே என்று அவன் மனம் விம்மியது.

மறுநாள் கடையில் ரொட்டி வீசும் ரெங்கசாமியிடம் விஷயத்தைச் சொன்னான்.

"இதுக்கா நேசா மூஞ்ச தூக்கி வெச்சிருக்க? பொம்ம வாங்கிப் போடுலா. தண்ணியில மெதக்கற பொம்ம. புள்ள பொம்மய பாக்குமா, ஒன் மீசய பாக்குமா?"

செவ்வாய்க்கிழமை, ஒரு மஞ்சள் வாத்து வந்தது. அமுக்கினால் கத்தும் என்று அட்டையில் படம் போட்டிருந்தது. நன்றாகவே கத்தியது. குளியலறைச் சுவரில் மோதி அந்தக் கத்தல் இரண்டு மடங்காகத் திரும்பி வந்ததும் லோகியும் சேர்ந்து கத்தினாள்.

புதன்கிழமை சாவி கொடுத்தால் நீந்தும் சுறா. வாய் நிறையப் பல். அதை எடுத்துக் காட்டிய பிறகுதான் அவனுக்கே உறைத்தது, பயந்துபோன பிள்ளைக்கு யாராவது பல் உள்ள பொம்மையைக் கொண்டுபோய்க் கொடுப்பார்களா என்று. வியாழக்கிழமை எட்டுக்கால் ஆக்டோபஸ். ஒவ்வொரு காலிலும் உறிஞ்சி ஒட்டும் ரப்பர் குமிழ். வழவழப்பான குளியல்தொட்டி உள்ள வீட்டுக்காகச் செய்தது அது. இவர்கள் வீட்டில் இருந்ததோ சொரசொரப்பான சிமெண்டுத் தொட்டி. ஒட்டவைத்த ஆக்டோபஸ், யோசித்து யோசித்து ஒவ்வொரு காலாகக் கழன்று, பிள்ளையின் காலடியில் சொத்தென்று விழுந்தது. அதற்கும் அழுகைதான்.

வெள்ளிக்கிழமை ரெங்கசாமியே மனமிரங்கி, தன் மகன் விளையாடிய மூன்று ரப்பர் மீன்களைப் பொட்டலமாகக் கட்டிக்கொடுத்தான். அமுக்கினால் வாயிலிருந்து தண்ணீர் பீய்ச்சும். சிவநேசன் முதலில் தன் உள்ளங்கையில் பீய்ச்சிப் பார்த்தான். தண்ணீரோடு கறுப்புக் கறுப்பாக ஏதோ செதிள் வந்தது. முகர்ந்து பார்த்தான். மீன்களை அப்படியே குப்பையில் போட்டுவிட்டு சோப்புப் போட்டு இரண்டு தரம் கை கழுவினான்.

"என்னா, மீனு வேல செஞ்சிச்சா?" என்றான் ரெங்கசாமி மறுநாள்.

"ஒன் மீனு வயித்துல ஒரு காட்டையே வளத்து வெச்சிருக்குடா."

ஞாயிற்றுக்கிழமை காலை கோலசிலாங்கூருக்கு மோட்டார் சைக்கிளை விட்டான். அங்கே இராஜம்மாவின் கடையில் பிளாஸ்டிக் வாளி முதல் பிறந்தநாள் பலூன் வரை கிடைக்கும். இராஜம்மாவுக்கு அவனைவிட நாலைந்து வயது குறைவாகத்தான் இருக்கும். ஆனால் மூன்று பிள்ளை பெற்றவள். நாக்குக்குப் பூட்டும் கிடையாது.

"குளிக்கிற பொம்ம வேணும்," என்றான்.

"யாருக்கு அண்ணே, உங்களுக்கா?"

"புள்ளைக்கு. ரெண்டேகா வயசு."

"எது எது வாங்கிப் போட்டீங்க?"

சொன்னான். வாத்தில் தொடங்கி மீன் வரை ஒன்று விடாமல். இராஜம்மா சிரித்த சிரிப்பில் வாளி பார்த்துக்கொண்டிருந்த ஒரு சீனத்து அம்மாள் திரும்பிப் பார்த்தாள்.

"அண்ணே, அடியில ஓட்ட போட்டு உள்ள கூடா இருக்கற பொம்மய எடுக்காதீங்க. உள்ள போன தண்ணி காயாது. பூஞ்சதான் புடிக்கும். புள்ள அத வாயில வெச்சி சப்பும். சாவி குடுக்கறதுல சின்னச் சின்ன சாமான் கழண்டு வரும், அதுவும் வேணாம். ஒட்டுற பொம்ம பங்களா வீட்டுக்கு. இந்தாங்க."

அவள் எடுத்து வைத்தது ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் ஐந்து கிண்ணங்கள். சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம், வெள்ளை. சத்தம் கிடையாது. பல் கிடையாது. சாவியும் கிடையாது. கவிழ்த்து வைத்தால் சொட்டுத் தண்ணீர் தங்காது.

சிவநேசனுக்கு முகம் விழுந்துவிட்டது. "இதுல பொம்ம எங்கம்மா இருக்கு? எங்க கடையில கழுவ எடுத்துப் போடற மங்கு மாதிரி இருக்கு."

"புடிக்கலன்னா சுறாவயே போடுங்க."

வாங்கிக்கொண்டான். திரும்பும் வழியெல்லாம் செம்பனை மரங்கள் இரண்டு பக்கமும் ஓடிவந்தன. தூக்குத் தண்டனைக் கைதி நாளை எண்ணுவதுபோல அவன் திங்கட்கிழமையை எண்ணிக்கொண்டு வந்தான்.

திங்கட்கிழமையும் வந்தது.

மூன்று மணிக்கு லோகி எழுந்தாள். மாதவி புதுச் சீருடையில், பையைத் தோளில் மாட்டியபடி கூடத்தில் நின்றாள். லோகி தாயின் உடுப்பைப் பார்த்தாள். குளியலறைக் கதவைத் திறந்து பிடித்திருந்த மீசையைப் பார்த்தாள். புரிந்துவிட்டது. உதடு பிதுங்கியது. "மீசை வேணா," என்று தொடங்கி அழுகை மேலே ஏறியது.

மாதவி பையைத் தோளிலிருந்து இறக்கினாள்.

"ஏங்க, விட்டுடுங்க. நான் போன் பண்ணி சொல்லிடுறேன்."

"ஒரு அஞ்சு நிமிஷம் குடு, மாதவி."

பிள்ளையை அவன் தூக்கவில்லை. உள்ளே வா என்று கூப்பிடவும் இல்லை. கால்சட்டையோடு குளியலறைத் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டான். பக்கத்தில் அகலமான பேசன், அதில் கால்வாசித் தண்ணீர். என்ன செய்வது என்று தெரியாத மனிதனின் கை, தனக்குத் தெரிந்ததைத்தானே செய்யும்? சிவப்புக் கிண்ணத்தில் தண்ணீரை மொண்டான். வெள்ளைக் கிண்ணத்தை இடது கையில் பிடித்தான். வலது கையைத் தலைக்கு மேலே உயர்த்தி, இருபது வருஷப் பழக்கத்தில் ஓர் இழு இழுத்து ஆற்றினான்.

வெள்ளைக் கிண்ணத்தின் அடியில் சல்லடைபோல ஏழெட்டு ஓட்டை இருந்ததை அவன் பார்க்கவே இல்லை. விழுந்த தண்ணீர் முழுவதும் மழையாக அவன் மடியில் கொட்டியது.

லோகியின் அழுகை நடுவில் நின்றது. பெரிய மனிதர் ஒருவர் கால்சட்டையை நனைத்துக்கொண்டு விழிப்பதை அவள் இதுவரை பார்த்ததில்லை.

அவன் வெள்ளையை வைத்துவிட்டு நீலத்தை எடுத்தான். மறுபடி கை மேலே போனது. இந்தத் தடவை நூல் பிடித்தாற்போல ஒரு தண்ணீர்க் கம்பி மேலிருந்து கீழே இறங்கியது. கைகள் இடம் மாறின. கம்பி நீண்டது, குறுகியது, வளைந்தது. ஒரு சொட்டு வெளியே சிந்தவில்லை. ஜன்னல் வழியாக வந்த வெயில் அதில் பட்டு மின்னியது. தலையில் கவிழும் காயோங்கை மட்டுமே பார்த்திருந்த அந்தப் பிள்ளைக்கு, தண்ணீர் இப்படி மெல்லிசாகவும் சொன்னபடி கேட்டும் வரும் என்பது அன்றுதான் தெரிந்தது.

கதவருகிலிருந்து ஓரடி உள்ளே வந்தாள். இன்னோரடி. பின்னால் கதவு தானாகச் சாத்திக்கொண்டது. ஒரு விரலை நீட்டி அந்தக் கம்பியைத் தொட்டாள். அது அவள் விரலில் இரண்டாகப் பிரிந்து, விரலை எடுத்ததும் மறுபடி ஒன்றானது. அவன் மூச்சை அடக்கிக்கொண்டு ஆற்றிக்கொண்டே இருந்தான்.

"ஆத்து," என்றாள் லோகி.

"ஆத்தறேம்மா."

"மீசை, இங்க ஆத்து." காலைக் காட்டினாள்.

காலில் ஆற்றினான். அடுத்து முழங்கால். அடுத்து வயிறு, அங்கே கூச்சத்தில் நெளிந்து சிரித்தாள். அவளே பேசனுக்குள் ஏறி உட்கார்ந்தாள். தலைக்கு மட்டும் அவன் கிண்ணத்தைக் கொண்டுபோகவில்லை. அவள்தான் வெள்ளைக் கிண்ணத்தை எடுத்து, தண்ணீர் மொண்டு, தன் உச்சியில் மழை பெய்யவிட்டுக்கொண்டாள். மிச்சத்தை அவன் மீசையில் ஊற்றினாள்.

அந்த மூன்று மாதத்தில் மீசை என்ற அந்த வார்த்தை அவன் காதில் இவ்வளவு இனிப்பாக விழுந்ததில்லை. அழுகிறோமா, நனைந்திருக்கிறோமா என்பது அவனுக்கே தெரியவில்லை. நல்லவேளை, குளியலறையில் யாரும் அதைப் பிரித்துப் பார்க்க முடியாது.

வெளியே வேன் ஹாரன் அடித்தது. கூடத்தில் நின்ற மாதவி காதைத் தீட்டிக்கொண்டாள். அழுகைச் சத்தம் நின்றுபோய் வெகுநேரமாகிவிட்டது. வாயைப் பொத்திவிட்டானா, பிள்ளை மயங்கிவிட்டதா என்று என்னென்னவோ தோன்ற, ஓடிப்போய்க் கதவைத் தள்ளினாள்.

பேசனில் உட்கார்ந்திருந்த லோகி நிமிர்ந்து பார்த்தாள். வேலை நேரத்தில் வாடிக்கைக்காரர் தொந்தரவு செய்தால் கடைக்காரர் பார்ப்பாரே, அந்தப் பார்வை.

"அம்மா, போ. நாங்க தே ஆத்துறோம்."

மாதவி கதவை மூடினாள். ஒரு நிமிடம் கதவிலேயே சாய்ந்து நின்றாள். ஹாரன் மறுபடி அடித்ததும், கீழே கிடந்த பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தாள்.

வேன் ஓட்டும் புனிதன் கதவைத் திறந்துவிட்டுக்கொண்டே கேட்டான். "என்னாக்கா, மொத நாளே லேட்டு? கண்ணெல்லாம் செவந்திருக்கு, வீட்டுல சண்டையா?"

"இல்லப்பா. வெங்காயம்," என்றாள் மாதவி. அந்த வீட்டில் அன்று வெங்காயமே இல்லை.

வேன் முன்னால் போய், வளைந்து திரும்பி, மறுபடியும் அவர்கள் வீட்டைத் தாண்டித்தான் பெரிய ரோட்டுக்குப் போக வேண்டும். அதற்குள் உள்ளே ஒரு புதுச் சிக்கல் முளைத்திருந்தது. துவாலையில் சுற்றி வெளியே தூக்கிக்கொண்டு வந்த பிறகும் லோகி நீலக் கிண்ணத்தை விடவில்லை. உள்ளே தண்ணீர் தளும்பியது. கீழே வைக்கச் சொன்னான். மாட்டேன் என்று தலையாட்டினாள். தாயோடு கடைக்கு வரும்போதெல்லாம் ஆட்கள் சொல்வதைக் கேட்டுக் கேட்டு அவளுக்கும் அது மனப்பாடம்.

"பொங்குஸ்," என்றாள்.

பொட்டலம் கேட்கும் வாடிக்கைக்காரரைச் சிவநேசன் ஒருநாளும் வெறுங்கையோடு அனுப்பியதில்லை. அடுக்களையில் தேடி ஒரு சின்னப் பிளாஸ்டிக் பையை எடுத்தான். கிண்ணத்துத் தண்ணீரை அதில் ஊற்றினான். வாயைச் சுருக்கி, சிவப்புக் கயிற்றால் இரண்டு சுற்றுச் சுற்றி, தூக்கிப் பிடிக்கக் காது வைத்துக் கட்டினான்.

வேன் வீட்டைத் தாண்டும்போது மாதவி ஜன்னல் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு பார்த்தாள். வாசலில் தலையிலிருந்து கால்வரை நனைந்த ஒரு மீசைக்காரன். அவன் இடுப்பில் துவாலை சுற்றிய ஒரு சின்னப் பெண். இரண்டு பேர் கையும் சேர்ந்து பிடித்திருந்த கயிற்றில், ஒரு பை பச்சைத் தண்ணீர் வெயிலில் ஆடிக்கொண்டிருந்தது.