பாதுகாப்பியல் துறைக்கு ஆள் பிடித்தவர்

முனைவர் சிவசைலம் மலாக்கா நீரிணையைப் பற்றித் தடித்தடியாக எழுதிப் பட்டம் வாங்கியவர். கப்பலில் ஏறியதில்லை. குற்றாலம் ஐந்தருவிப் பக்கத்துப் படகுக் குழாமில் ஒரு சீசனின்போது மனைவியோடு மிதிபடகில் ஏறி, குளத்தின் நடுவில் தலை சுற்றி, கரைக்கு வந்து வாந்தியெடுத்ததுதான் அவருடைய மொத்தக் கடல் அனுபவம். இதில் சிரிக்க ஒன்றும் இல்லை என்பார். செவ்வாய்க் கிரகத்தைப் பற்றி எழுதுகிறவன் அங்கே போய் வீடு கட்டிக்கொண்டா எழுதுகிறான்? வாதம் சரிதான். அவருடைய வாதங்கள் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். அதனாலேயே அவரை யாருக்கும் பிடிக்காது.

தென்காசியில் பழைய குடும்பம். கோயில் தர்மகர்த்தா வம்சம். வயல்கள் போய் வம்சம் மட்டும் மிஞ்சியிருந்தது. பிளஸ் டூ முடித்துப் பொருளாதாரம் படிக்கப் போனவரிடம், கல்லூரி குமாஸ்தா தலையை நிமிர்த்தாமல், "எகனாமிக்ஸ் இல்ல. டிபென்ஸ் இருக்கு, சேருதியா?" என்று கேட்டார். மளிகைக் கடையில் துவரை இல்லை, பாசிப்பருப்பு இருக்கிறது என்று சொல்வதைப் போல. சேர்ந்தார். சேர்ந்த பிறகு, யாரும் எதிர்பாராத விதமாக, அவருக்கு அந்தப் பாடம் பிடித்துவிட்டது. வல்லரசுகள் எதற்காக அடித்துக்கொள்கின்றன என்று தெரிந்துகொண்ட மனிதருக்கு, பக்கத்து வீட்டுக்காரர் தண்ணீர்க் குழாய்க்காக அடித்துக்கொள்வது அற்பமாகப் பட்டது. இரண்டும் ஒன்றுதான் என்று அவர் படித்த புத்தகங்களே சொல்லின. அதை அவர் பாடத்தில் ஒப்புக்கொள்வார், தெருவில் ஒப்புக்கொள்ள மாட்டார்.

தென்காசிக்கும் ஆய்க்குடிக்கும் நடுவில் ஒரு அரிசி ஆலை முதலாளி கட்டிய கல்லூரியில் அவர் பாதுகாப்பியல் துறைத் தலைவர். துறை என்றால் அவரும், விஜய்பாண்டி என்ற கௌரவ விரிவுரையாளரும், ஓர் உலக வரைபடமும். வாசலில் அந்த முதலாளி, கல்லூரித் தாளாளர், ஒரு பெரிய பிளெக்ஸ் வைத்திருந்தார். ஹெலிகாப்டரிலிருந்து கயிறு பிடித்து வீரர்கள் இறங்குகிறார்கள், கீழே 'பி.ஏ. பாதுகாப்பு மற்றும் போர்த்திறன் ஆய்வியல்'.

"அது நம்ம நாட்டு ராணுவம் இல்லைங்க," என்று சிவசைலம் ஒருமுறை போய்ச் சொன்னார்.

"யாரா இருந்தா என்ன சார்வாள்," என்றார் தாளாளர். "யூனிபாரம் நல்லாருக்குல்லா?"

அந்தத் தாளாளர்தான் இந்த மே மாதம் அவரைக் கூப்பிட்டுச் சொன்னார்: கல்லூரி திறப்பதற்குள் முதலாம் ஆண்டுக்கு இருபது பேர் வரவில்லையென்றால் துறையை மூடிவிட்டு, அவரை ஹாஸ்டல் வார்டனாகப் போட்டுவிடுவதாக. சம்பளத்தில் குறையிருக்காதாம். சிவசைலத்தின் கவலை சம்பளம் அல்ல. வகுப்பு. எல்லா மாணவர்களும் ஒரு கேள்வி கேட்பார்கள்: "சார், இது பரிச்சைக்கு வருமா?" அதற்கு அடுத்ததாக இரண்டாவது கேள்வி ஒன்றைக் கேட்கும் ஒரே ஒரு ஜீவனுக்காக அவர் பதினாலு வருடமாகக் காத்திருந்தார். அப்படிப்பட்ட ஜீவன் இந்த ஜில்லாவில் இல்லை என்றும் உறுதியாக நம்பினார். இரண்டையும் சேர்த்து நம்புவதில் அவருக்குச் சிரமம் இருக்கவில்லை.

கல்லூரி வாத்தியார்கள் மே மாத வெயிலில் வீடு வீடாகப் போய் மாணவர்களை இழுத்து வருவதற்கு 'ஆள் பிடிக்கப் போறது' என்று பெயர். வணிகவியல் பெலிக்ஸ் இதில் சூரர். ரிசல்ட் வந்த வீட்டின் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் அந்த வீட்டுக்கு உறவாகிவிடுவார். சிவசைலத்தைப் பைக்கின் பின்னால் ஏற்றிக்கொண்டு அவர்தான் வாசுதேவநல்லூர் போனார், எலுமிச்சைத் தோட்டக்காரர் நம்பிராஜன் வீட்டுக்கு.

வீட்டுச் சுவரில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் யூனிபாரம் போட்ட மாமன், மச்சான்கள் வரிசையாக இருந்தார்கள். பாதி போலீஸ், பாதி பட்டாளம். நம்பிராஜனின் அண்ணன் மகன் சுடலைராஜ் பனியனோடு புஜத்தை மடக்கிக்கொண்டு நின்றான். பிளஸ் டூ பாஸ்.

"அண்ணாச்சி, தம்பிய எங்ககிட்ட விடுங்க," என்று பெலிக்ஸ் ஆரம்பித்தார். "மூணே வருசம். டிபென்ஸ் கோர்ஸு. வெளிய வரும்போது நேரா ஆபீசரு. அந்தச் சுவத்துல ஒரு ஆணி இப்பமே அடிச்சு வச்சிருங்க."

காலையிலிருந்து எல்லா வீட்டிலும் இதே ஆணியைக் கேட்டுக் கேட்டு சிவசைலத்துக்குக் காது புளித்திருந்தது. பொய் சொல்வதற்கும் எதிரில் இருப்பவர்மீது கொஞ்சம் மரியாதை வேண்டும், இவரைக் கவர்ந்தால் தேவலை என்ற ஆசையாவது வேண்டும். அவருக்கு அது இல்லை. உண்மை பேசுவது செலவில்லாத அவமதிப்பு.

"பெலிக்ஸ் சார் சொல்லுதது பொய்," என்றார்.

"என்ன சார் சொல்லுதிய?" என்று நம்பிராஜன் முன்னால் சாய்ந்தார்.

"இத படிச்சா ஆர்மில கேட் தெறந்து விடுத வேல கூட கெடைக்காது. ஆபீசர் பரிச்ச எழுத ஏதோ ஒரு டிகிரி இருந்தாப் போதும். செடி கொடி படிச்சவனும் எழுதலாம்."

"அப்ப நீங்க என்னத்தத்தான் சொல்லிக் குடுக்கிய?"

"ரெண்டு நாடு ஏன் சண்ட போடுதுன்னு."

"அதத் தெரிஞ்சு?"

"ஒண்ணும் கிழிக்க முடியாது. போடுதவன் போட்டுக்கிட்டுத்தான் இருப்பான்." சுடலைராஜைப் பார்த்தார். "இவன் மூஞ்சியப் பாத்தா சேந்தாப்ல ஒரு பக்கம் படிச்சவன் மாதிரித் தெரியல. எங்க டிப்பார்ட்மெண்டுக்கு இவன் தேறமாட்டான்."

பெலிக்ஸ் நாற்காலிக்கு அடியில் அவர் காலை மிதித்தார். அதற்குள் எலுமிச்சை ஜூஸ் வந்தது. கொண்டுவந்தவள் நம்பிராஜனின் மகள் வேல்விழி, அவளும் அதே வருடம்தான் பாஸ் செய்திருந்தாள். டம்ளரைக் கொடுத்துவிட்டு உள்ளே போகாமல் நின்றாள்.

"ஏன் சண்ட போடுதுன்னு ஒரு எடுத்துக்காட்டு சொல்லுங்க சார்."

பட்டிக்காட்டுக்குத் தகுந்த எடுத்துக்காட்டு என்று நினைத்துக்கொண்டு அவர் கேட்டார்: "உங்க தோட்டத்துக்கு வேலி உண்டா?"

"போன வருசம் அப்பா கம்பி வேலி போட்டாங்க."

"எதுக்கு?"

"பக்கத்துத் தோட்டக்காரரு நாய் வாங்குனாரு."

"அவரு எதுக்கு வாங்குனாரு?"

"நாங்க தோட்டத்துல பெரிய லைட்டு போட்டோம்லா. வேவு பாக்கோம்னு நெனச்சிட்டாரு."

"அம்புட்டுதான் பாடம். நீ பயந்து ஒண்ணு செய்ய, அவன் பயந்து ஒண்ணு செய்வான். முடிஞ்சுது."

அவள் நகரவில்லை. "அப்ப மொதல்ல பயந்தது யாரு சார்?"

சிவசைலம் ஜூஸைக் குடித்தார். டம்ளர் காலியான பிறகும் கொஞ்ச நேரம் குடித்தார்.

"அது மூணாவது செமஸ்டர்," என்றார்.

"ஏட்டி, உள்ள போ," என்றார் நம்பிராஜன்.

திரும்பும் வழியெல்லாம் பெலிக்ஸ் திட்டிக்கொண்டே வந்தார். "ஓய், உமக்குக் கிறுக்கா? சொந்தக் கடையில நின்னுக்கிட்டு சரக்கு நாறுதுன்னு கூவுதீரு! வார்டன் வேலைக்கு நாந்தான் உமக்குச் சிபாரிசு பண்ணணும்." கோபம் வந்தால் பெலிக்ஸுக்குப் பரோட்டா வேண்டும். வண்டியைத் தென்காசியில் நிறுத்தாமல் குற்றாலத்துக்கு விட்டார். அந்த வருடம் சாரல் முன்னதாகவே தொடங்கியிருந்தது. முகம்மது ரபீக்கின் பரோட்டாக் கடையில் ஈர வேட்டிகளும் எண்ணெய்த் தலைகளுமாகக் கூட்டம் வாசல் வரை நின்றது. சென்னையிலிருந்து வந்த ஒருவர் எவ்வளவு நேரமாகும் என்று கேட்டுவிட்டார்.

"ஏன், வீட்டுல உப்புமா ஆறுதா?" என்று ரபீக் கல்லாவிலிருந்து சீறினார். "நிக்க முடிஞ்சா நில்லும். இல்லன்னா எதுத்தாப்ல ஒரு கட இருக்கு, அங்கன ஈயி ஓட்டுதான், அவனுக்குத் தொணைக்குப் போயிரும்!"

திட்டு வாங்கியவர் மனைவியைப் பார்த்து முகமெல்லாம் சிரித்தார். சரியான இடத்துக்குத்தான் கூட்டி வந்திருக்கிறேன் பார், என்பதைப் போல.

"அடிமைப் புத்தி," என்றார் சிவசைலம்.

பெலிக்ஸ் மெல்லுவதை நிறுத்திவிட்டு ரபீக்கையும் இவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

அந்த வாரம் முடிவதற்குள் நம்பிராஜன் ஒரு வேனில் வந்து இறங்கினார். சுடலைராஜ், வேல்விழி, அது போக சொந்தக்காரப் பிள்ளைகள் ஒரு கூட்டம். எல்லாருக்கும் டிபென்ஸ்தான் வேண்டுமாம்.

"நான்தான் அன்னைக்கே சொன்னேனே, இதுல வேல கெடைக்காதுன்னு," என்றார் சிவசைலம்.

"அதுக்குத்தான சார்வாள் வந்தோம்," என்றார் நம்பிராஜன். "எல்லாக் காலேஜ்காரனும் வந்து கால்ல விழாத கொறையாக் கெஞ்சுதான். கெஞ்சுதவன் சரக்கு சொத்தைன்னுதான அர்த்தம்? நீங்க ஒருத்தர்தான் வீட்டுக்கே வந்து, எங்க ஜூஸயும் குடிச்சிட்டு, 'ஒம் பையன் தேறமாட்டான்'னு மூஞ்சிக்கு நேராச் சொன்னிய. அப்ப உள்ள ஏதோ பெருசா இருக்கு."

"ஒண்ணும் இல்ல ஓய்! நான் சொன்னது நெசம்!"

"பாத்தியாலே," என்று நம்பிராஜன் சுடலைராஜிடம் திரும்பினார். "இப்பமும் வெளிய விட மாட்டங்காரு."

அதன் பிறகு சிவசைலம் எவ்வளவுக்கு உண்மையைச் சொன்னாரோ அவ்வளவுக்கு ஆள் வந்தது. ஆய்க்குடியிலிருந்து வந்த ஒருவரிடம் இதற்குப் பதில் பையனுக்கு இரண்டு மாடு வாங்கிக் கொடுக்கலாம் என்றார். அவர் வீட்டுக்குப் போய்த் தம்பி மகனையும் கூட்டி வந்தார். இருபது எப்போதோ தாண்டி, இரண்டாவது பிரிவு திறக்க வேண்டியதாயிற்று. எதிரியின் மனதைப் படிப்பது எப்படி என்று வருடாவருடம் பாடம் எடுத்தவருக்கு இது மட்டும் விளங்கவே இல்லை. தென்காசியை அடுத்த குத்துக்கல்வலசையில் இருந்த வீட்டில், அரசுப் பள்ளி ஆசிரியையான அவர் மனைவி உமா மகேஸ்வரிக்குத்தான் விளங்கியது.

"டாக்டர் திட்டலன்னா மருந்து சரியில்லன்னு வேற டாக்டர்ட்ட ஓடுத ஊரு இது," என்றாள். "ஒங்க வாய் இம்புட்டு வருசம் வீட்டுக்குள்ளயே வீணாப் போச்சு."

வந்து சேர்ந்தவர்களை நினைத்தாலே அவருக்கு எரிச்சல் வந்தது. ஆனால் மஞ்சள் அடித்துப் போயிருந்த பழைய குறிப்புகளைத் தூக்கிப் போட்டார். முதலில் பயந்தது யார் என்ற கேள்விக்காகப் புத்தகங்களை மறுபடி இறக்கினார். இரண்டு விடைகளை எழுதி அடித்தார். மூன்றாவது விடை, தோட்டத்தில் விளக்குப் போடுவதற்கும் முன்னால் எங்கோ தொடங்கியது. மூணாவது செமஸ்டர் வரை காத்திருக்கத் தேவையில்லை, முதல் வகுப்பிலேயே சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தார். மற்றவர்களுக்குப் புரியாது. புரிய வேண்டிய அவசியமும் இல்லை.

கல்லூரி திறந்த அன்று காலை தாளாளர் கூப்பிட்டு அனுப்பினார்.

"சார்வாள், ஒங்கள இனி கிளாசுல விட்டு வேஸ்ட் பண்ணக் கூடாது. இன்னையிலருந்து நீங்க அட்மிஷன் டைரக்டர். பிசிக்ஸ் ஈயடிக்கி, தமிழ் ஈயடிக்கி. துணைத் தேர்வு எழுதுன பயலுவ அப்பன் ஆத்தாளோட வருவானுவ. ஒக்காந்து நல்லாத் திட்டுங்க."

"நான் பாடம் எடுக்கணும்," என்றார் சிவசைலம்.

"பாடம் யாரு வேணும்னாலும் எடுப்பான். விஜய்பாண்டி எடுப்பான். திட்டுததுக்குத்தான் ஆளு கெடைக்காது." பிறகு, குரலை உயர்த்தாமல், "முடியாதுன்னாச் சொல்லுங்க. வார்டன் போஸ்ட்டு இன்னும் காலியாத்தான் கெடக்கு. ஒங்க ரூமுக்கு ஏசி போடச் சொல்லியிருக்கேன்," என்றார்.

உலக வல்லரசுகள் நெருக்கடியில் என்ன செய்யும் என்று அறிந்தவர், தம் நெருக்கடியில் எல்லாரும் செய்வதைச் செய்தார். ஏசி அறைக்குப் போய் உட்கார்ந்தார். மனைவியிடம் போனில் பதவி உயர்வு என்றார்.

அறையின் ஜன்னல் முதலாம் ஆண்டு வகுப்பைப் பார்த்து இருந்தது. விஜய்பாண்டி குறிப்புச் சொல்லிக்கொண்டிருந்தார். "எழுதிக்கோங்க. போர் என்பது யாது? போர் என்பது இரு நாடுகளுக்கு இடையே நிகழும்... நிகழும்... எழுதியாச்சா?" கடைசி பெஞ்சில் சுடலைராஜ் புஜத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். முன் பெஞ்சிலிருந்து வேல்விழி எழுந்தாள்.

"சார், மொதல்ல பயந்தது யாரு?"

"அது எந்த யூனிட்டுலம்மா வருது?" என்றார் விஜய்பாண்டி.

சிவசைலம் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். எதிரே கடையநல்லூர்ப் பக்கத்திலிருந்து வந்த தகப்பனும் தாயும் ஒரு பையனை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தகப்பன் தொண்டையைக் கனைத்தார்.

"சார்... நீங்க திட்டுவியன்னு சொன்னாவ."

ஜன்னலுக்கு அப்பால் அவள் இன்னும் உட்காரவில்லை. ஏசி ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னலைத் திறந்து வைத்தால் கரண்டு வீண் என்று தாளாளர் ஏசுவார். அவர் போய்ச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"இந்த மூஞ்சிக்கு பிசிக்ஸ் ஒரு கேடா ஓய்?" என்றார்.

தகப்பன் முகம் மலர்ந்தது. அவர் மனைவி அவசரமாகப் பையைத் திறந்து மார்க் ஷீட்டை எடுத்தாள்.