உப்புச் சொன்னவள்

சித்தி இறந்த அன்றிலிருந்து சித்தப்பா மகள் பேசவில்லை. அழவும் இல்லை. அவளுக்கு அப்போது ஏழு வயது, எனக்குப் பதினொன்று. அமராவதிபுதூருக்குப் பக்கத்தில் ஒரே வீட்டில் இரண்டு குடும்பமாக இருந்தோம். முதலில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. சாவு வீட்டில் பேசாத பிள்ளை நல்ல பிள்ளை. பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து உறவுக்காரர்கள் எல்லோரும் பஸ் ஏறிப் போன பிறகுதான் அம்மா திடுக்கிட்டாள்.

வைத்தியம் தொடங்கியது. வசம்பைச் சுட்டு நாக்கில் தேய்த்தார்கள். கோவிலூர்க் கோயிலில் வேண்டிக்கொண்டார்கள். குறி சொல்லும் கோடாங்கி ஒருவர் வந்து, செத்துப்போன தாயே பிள்ளையின் நாக்கைப் பிடித்திருக்கிறாள் என்று சொல்லிவிட்டு ஒரு சேவலோடு போனார். கடைசியில்தான் காரைக்குடி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். அங்கிருந்த டாக்டர் காதைப் பார்த்தார், தொண்டையைப் பார்த்தார். இரண்டும் சரியாக இருக்கிறது, நாலு பிள்ளைகளோடு சேர்ந்து ஓடி ஆடட்டும், பேச்சு தானாக வரும் என்றார். மருந்து எழுதித் தராத டாக்டரைச் சித்தப்பா நம்பவில்லை.

"விளையாடச் சொல்றதுக்கு ஒரு டாக்டரா, மதினி?" என்று பஸ்ஸிலேயே அம்மாவிடம் கேட்டாராம்.

அம்மா நம்பினாள். சாயங்காலம் அவளை விளையாடக் கூட்டிப் போவது என் வேலையானது. அதற்குப் பதிலாகக் கத்தரித் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைப்பதிலிருந்து எனக்கு விடுதலை. எனவே நான் மறுக்கவில்லை. பொறுப்பான பிள்ளை என்று பெயரும் கிடைத்தது.

பூட்டிக் கிடந்த ஒரு செட்டியார் வீட்டுக்குப் பின்னால் செம்மண் பொட்டல். அங்கேதான் கிளித்தட்டு ஆடுவோம். குறுக்குக் கோடுகள் ஒவ்வொன்றிலும் ஒருவன் காவல் நிற்பான். நடுக்கோடு முழுவதும் ஓடிக் காவல் காப்பவன் கிளி. எதிரணி அத்தனை கோடுகளையும் தொடுபடாமல் தாண்டி, திரும்பி வரவேண்டும். ஒருவர் திரும்பி வந்துவிட்டாலும் போதும், ஆட்டம் அவர்களுக்கு. ஆனால் வந்தவர் "உப்பு" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் வந்தது வந்ததாகாது. பெரும்பாலும் நான்தான் கிளி.

அவளை ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்தேன். ஆட்டத்தில் உண்டு, கணக்கில் இல்லை. தொட்டாலும் அவுட் இல்லை, தாண்டினாலும் வெற்றி இல்லை. சின்னப் பிள்ளைகளை அழாமல் வைத்துக்கொள்ள நாங்கள் கண்ட வழி அது. முதல் வாரம் ஓரத்தில் நின்றாள். அடுத்த வாரம் ஓடினாள். பிறகு வேர்வையும் புழுதியுமாக வீட்டுக்கு வந்து, கேட்காமலே தட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஓடும்போது தப்பித்துவிட்டால் சிரிப்பாள், சத்தமில்லாமல். தோள் மட்டும் குலுங்கும்.

தினமும் அம்மா என்னைத் தனியே கூப்பிட்டுக் கேட்பாள்: "இன்னைக்கு ஏதாச்சும் பேசுனாளாடா?"

"இல்லம்மா."

சித்தப்பா அதற்குள் மதுரையில் வாய்பேசாத பிள்ளைகளுக்கான ஒரு பள்ளியில் விசாரித்திருந்தார். தங்கிப் படிக்கும் பள்ளி. காது கேட்கிற பிள்ளையாயிற்றே என்று அங்கே தயங்கினார்களாம், பிறகு சரி என்றார்களாம். ஆனி மாதம் முடியட்டும், அதற்குள் ஒரு வார்த்தையாவது வந்தால் பார்க்கலாம் என்று அம்மா தவணை வாங்கியிருந்தாள்.

ஆனி முடிய நாலைந்து நாள் இருக்கும்போது, எதிரணியில் ஒருவன் காலில் முள் தைத்து உட்கார்ந்துவிட்டான். தபால்காரர் மகன்தான் அவர்களுக்குத் தலைவன்.

"எங்களுக்கு ஒரு ஆளு கொறையுது. இன்னைக்கு ஒன் தங்கச்சி சப்பாணி இல்ல, ஆளு" என்றான்.

"எடுத்துக்கிருங்க. அவளும் ஒண்ணுதான், கல்லும் ஒண்ணுதான்."

அவள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஒவ்வொருவராக அவுட் ஆனார்கள். கடைசியில் தபால்காரர் மகனும் அவளும் மிஞ்சினார்கள். அவனைப் பிடித்தால் போதும் என்று கடைக்கோடி வரை துரத்திப் போய்த் தொட்டேன். திரும்பிப் பார்த்தால், அவள் அத்தனை கோடுகளையும் தாண்டிவிட்டு, திரும்பும் வழியிலும் பாதிக்கு மேல் போய்க்கொண்டிருக்கிறாள். காவல்காரர்கள் எல்லோரும் எங்கள் பக்கம் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் நடுக்கோட்டில் பாய்ந்து ஓடினேன். என் விரல் அவள் பாவாடையைத் தொடுவதற்குள் கடைசிக் கோட்டைத் தாண்டிவிட்டாள். திரும்பி நின்று, மூச்சு வாங்கிக்கொண்டு, "உப்பு" என்றாள்.

கரகரப்பாக, பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும் கேட்கிற அளவுக்குச் சொன்னாள்.

சித்தி இறந்து ஐந்து மாதம் கழித்து அவள் பேசிய முதல் வார்த்தை அது. எனக்கோ நான் தோற்றுவிட்டேன் என்பது மட்டும்தான் கேட்டது.

"அவ வந்துட்டா. ஆட்டம் எங்களுக்கு" என்று தபால்காரர் மகன் ஓடி வந்தான்.

"உப்புச் சொல்லல. சொல்லாம ஏதுடா ஆட்டம்?" என்றேன்.

"சொன்னியா?" என்று அவளிடம் கேட்டான். அவள் என்னைப் பார்த்தாள்.

"இவ எங்கிட்டுச் சொல்லப் போறா. ஊமைகிட்டப் போயி உப்புக் கேக்குறானே" என்று ஒருவன் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

அவள் வாய் மறுபடி திறந்தது. நான் முந்திக்கொண்டு, "கோட்டை அழிச்சிட்டு முதல்ல இருந்து ஆடுவோம், வாங்கடா" என்று கத்தினேன். திறந்த வாய் மூடிக்கொண்டது. அவள் ஓரத்தில் போய் நின்றாள். அன்று அதற்கு மேல் ஆடவில்லை.

வீட்டில் அம்மா கேட்டாள். கூடவே சித்தப்பாவும் உட்கார்ந்திருந்தார்.

"கூடவே ஓடுறவன் நீதான? ஒரு வார்த்தை, ஒரு சத்தம்?" என்றார்.

ஆம் என்றால் என்ன வார்த்தை என்று கேட்பார்கள். சொன்னால் நாளைக்கே தெரு முழுக்கத் தெரியும், சப்பாணியிடம் தோற்ற கிளி என்று. "இல்ல சித்தப்பா" என்றேன்.

"இன்னும் ஒரு மாசம் பாப்பமே தம்பி, அவசரப்படாதீக" என்று அம்மா இழுத்தாள். "இன்னும் எத்தன நாளைக்கு மதினி பொட்டல்ல புழுதி குடிக்க விடச் சொல்றீக?" என்று எழுந்துவிட்டார்.

மதுரையில் அவள் கையால் பேசக் கற்றுக்கொண்டாள். அங்கே எல்லோரும் கையால்தான் பேசினார்கள். அவள் குரலை யாரும் எதிர்பார்க்கவில்லை, அவளும் தேடவில்லை. இப்போது நெற்குப்பை என்கிற ஊரில் இருக்கிறாள், தையல் வேலை செய்கிறாள். போகும்போதெல்லாம் காபி கொடுத்து, என் முழங்கால் வலியைக் கையால் விசாரிப்பாள். நான் முப்பது வருஷம் ஆசிரியராக இருந்தவன். வகுப்பில் பேசாமல் இருக்கும் பிள்ளைகளை மைதானத்துக்கு அனுப்பிவிட்டு, அவர்கள் பேசுகிறார்களா என்று ஜன்னலில் நின்று காது கொடுத்திருக்கிறேன். பேரனின் பள்ளியிலிருந்து இப்போது கைபேசிக்குச் செய்தி வருகிறது, பிள்ளைகளைத் தினமும் வெளியே விளையாட விடுங்கள், மனசுக்கு நல்லது என்று. டாக்டர் சொன்னது சரி. அது பலித்ததைக் கேட்டவன் நான் ஒருவன்தான். அவளிடம் இன்றுவரை மன்னிப்புக் கேட்கவில்லை.

அவள் புறப்பட்ட காலையில் பஸ் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தாள், மடியில் தகரப் பெட்டியோடு. "போயிட்டு வாரேன்னு ஒரு வார்த்த சொல்லுத்தா" என்று அம்மா முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்துத் துடைத்துக் கெஞ்சினாள். அவள் அம்மாவைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதட்டைத் திறக்கவே இல்லை. பஸ் நகர்ந்தது. என்னைக் காட்டிக் கொடுக்கக் கூடாது என்றுதான் பேசாமல் இருக்கிறாள் என்று நினைத்து, மனசுக்குள் அவளுக்கு நன்றி சொன்னேன்.